ஐசிடி கோடு தப்புதான், ஆனால் பெரிய பணம் வேறு வழியில் போகிறது

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன் சார். மகளுக்கு 8 வயது, உயரம் 112 செ.மீ., எடை 20 கிலோ. ஹார்மோன் டெஸ்ட்டுக்காக ஒரு நாள் அட்மிட் செய்தோம், பில் 18,600. கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் 'மரபுவழிக் குள்ளம், பரிசோதனைக்கான அட்மிஷன்' என்று தள்ளிவிட்டார்கள். டாக்டரிடம் நோய்க்கான ஐசிடி கோடை மாற்றி வாங்கினால் பணம் வரும் என்கிறார் ஏஜென்ட். தினமும் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள், மாதம் 14,000 ஆகுமாம். கணவருக்கு மணலியில் வேலை, சம்பளம் 34,000. என் ஐந்து பவுன் ஆரத்தை விற்றுவிடலாமா? வருமான வரியில் ஏதாவது கழியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறார்: வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, இரண்டு டெஸ்ட்டிலும் உச்ச அளவு 3.8, 4.6. ஆனால் கிளெய்ம் படிவத்தின் 'பார்ட் பி' இருக்கிறதே, நீங்கள் நிரப்பாமல் மருத்துவமனை நிரப்பித் தரும் பகுதி, அதில் ஐசிடி-10 கட்டத்தில், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உள்ள சர்வதேச எண்ணை எழுதும் இடத்தில், ஈ34.3 என்று இருக்கிறது. அது வேறெந்த வகையிலும் சேராத உயரக் குறைவுக்கான கோடு. ஹார்மோன் குறைபாட்டுக்கு உரியது ஈ23.0. டாக்டர் எழுதியது ஒன்று, பில்லிங் கவுன்டரில் தட்டியது இன்னொன்று.

இந்த ஈ34.3 ஒரு பெரிய கோணிப்பை மாதிரி. அப்பா அம்மா குட்டை என்பதால் பிள்ளையும் குட்டையாக இருப்பது, சில அபூர்வ மரபணுக் கோளாறுகள் எல்லாம் அதற்குள்ளேதான் விழும். அமெரிக்காவில் இதையே உடைத்து, மரபணுக் காரணத்துக்கு ஈ34.32 என்று தனியாக வைத்திருக்கிறார்கள். கிளெய்ம் பார்ப்பவர் ஈ34.3-ஐப் பார்த்தவுடன் 'குடும்பமே குள்ளம் போல, இது நோயே இல்லை' என்று நினைத்திருப்பார்.

ஆகவே ஏஜென்ட் சொன்னதில் பாதிதான் சரி. ரிப்போர்ட்டில் இருப்பதைப் படிவத்திலும் எழுதுங்கள் என்று கேட்பது திருத்தம், அது உங்கள் உரிமை. ரிப்போர்ட்டில் இல்லாததை எழுதி வாங்குவது மோசடி, அது பின்னாளில் தெரிந்தால் எத்தனை வருடம் பிரீமியம் கட்டியிருந்தாலும் காப்பாற்றாது. உங்களுடையது முதல் ரகம், தயங்காமல் போங்கள். பார்ட் பி-யைத் திருத்தி, சீல் வைத்து, டாக்டர் கையெழுத்தோடு வாங்குங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

சரி, திருத்தினால் 18,600 வந்துவிடுமா? பாதிக்குப் பாதி என்றுதான் சொல்வேன். 'மரபுவழி' என்ற காரணம் நிற்காது. மரபணு நோய் என்பதற்காகவே விலக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-லேயே விதி போட்டுவிட்டது. ஆனால் இரண்டாவது காரணம் கெட்டியானது. வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் பணம் இல்லை என்பது பாலிசிகளில் பொதுவாக உள்ள விலக்கு எண் 04. அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் செய்த டெஸ்ட் இது, இதன் மேல்தான் சிகிச்சையே தொடங்குகிறது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, கணவரின் எச்ஆர் வழியாக மறுபரிசீலனை கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ அண்ணா சாலையில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஆனால் என் கவலை 18,600 பற்றி இல்லை, ஊசி பற்றி. வீட்டிலேயே தினமும் போடும் ஊசி ஓபி செலவு, அதாவது புறநோயாளிச் செலவு, அட்மிஷன் இல்லை. ஓபி கவர் இல்லாத பாலிசியில் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒரு ரூபாய் வராது. மருந்தின் அளவோ எடைக்கு ஏற்ப. கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் என்று வைத்தால் இப்போது தினம் 0.6, பிள்ளை 32 கிலோ ஆகும்போது 0.96. அதாவது இன்றைய 14,000 அன்று 22,000-ஐத் தாண்டும். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் பத்து லட்சத்துக்கு மேல். 34,000 சம்பளத்தில் இது நடக்காது, ஆரத்தை விற்றாலும் நடக்காது.

அதனால் ஆரம் பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு ரிப்போர்ட்டுகளோடு போங்கள். இரண்டாவது கருத்தும் கிடைக்கும், ஊசி அங்கே கிடைக்குமா என்றும் நேரில் கேட்டுவிடலாம். முதல்வர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், ஈஎஸ்ஐக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000, இரண்டிலும் நீங்கள் வெளியே. கொஞ்சம் சம்பளம் கூடியதற்கு இது ஒரு தண்டனை போலத்தான் இருக்கிறது.

வெளியில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் பேனா ஊசி எழுதியிருக்கிறார்களா, குப்பியா என்று பாருங்கள். இந்தியத் தயாரிப்புக் குப்பி எடுத்து இன்சுலின் சிரிஞ்சில் போட்டால் செலவு குறையும். கரைத்த குப்பியைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். டோஸுக்குப் பொருந்தாத பெரிய குப்பி வாங்கினால் மிச்சத்தைக் கொட்டுவீர்கள். எந்த அளவுக் குப்பி என்று டாக்டரிடமே கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு மனதைக் கட்டிக்கொள்ளாமல் ஒரு வருடத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். வருட முடிவில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்று பார்த்துத்தான் டாக்டரே தொடரலாமா என்று முடிவு செய்வார்.

வரி பற்றி: ஆண்டுக்கு நாலு லட்சத்துச் சொச்சத்துக்கு வரியே வராது, கழிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. கணவர் வேலை மாறினால் இந்த குரூப் பாலிசி போய்விடும். விலகும் முன்பே, அதே நிறுவனத்தின் குடும்ப பாலிசிக்கு மாறக் கேளுங்கள், ஏற்கனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால் ஏற்கனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தில் ஈ23.0 என்றே எழுதுங்கள்.