லெட்டூஸ் முளைக்கவில்லையா? விதையைத் திட்டும் முன்…

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறேன். பிளாக் சீடட் சிம்ப்சன் என்ற பழைய இலை லெட்டூஸ் (சாலட் கீரை) ரகத்தைப் பாலித்தீன் கூடாரத்துக்குள் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினேன். மூன்று வாரமாகியும் முளைக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த, மேல்பூச்சு பூசிய கோட்டிங் விதை அதே கூடாரத்தில் முளைத்துவிட்டது. 'பழைய ரகம் அப்படித்தான், ஹைப்ரிட்டுக்கு மாறுங்கள்' என்கிறார். என் விதை போலியா?

பதில்: விதை மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆழமும் கூடாரமும்தான் இடிக்கின்றன.

லெட்டூஸ் விதை நன்றாக முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை அங்குல மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர அதற்குத் தெம்பும் கிடையாது. அடுத்தது சூடு. 15 முதல் 20 டிகிரி வரை அதற்கு ஏற்றது. 30 டிகிரியை நெருங்கினால் சாகாது, உறங்கிவிடும். கோத்தகிரிக் குளிரில் ஏது சூடு என்பீர்கள். வெயில் நாளில் மதியம் மூடிய பாலித்தீனுக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

பாக்கெட்டில் மீதி இருந்தால் 20 விதையை எண்ணி ஈர டிஷ்யூவில் பரப்பி, கண்ணாடி போன்ற டப்பாவில் மூடி, வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரம் வையுங்கள். நான்கைந்து நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். 14, 15 முளைத்தால் நல்ல விதை. நிறத்தையும் பாருங்கள்: இந்த ரகத்தின் விதை பெயருக்கேற்றபடி கறுப்பு. வெள்ளையாக இருந்தால் வேறு எதையோ கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த 'ஹைப்ரிட்'. லெட்டூஸ் தன் பூவிலேயே தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் செடி. ஒவ்வொரு குட்டிப் பூவும் தருவது ஒரே ஒரு விதை. இதில் இரண்டு ரகத்தைக் கலந்து ஹைப்ரிட் விதை உண்டாக்கினால் கட்டுப்படியாகாது. சந்தையிலுள்ள லெட்டூஸ் ரகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே சாதாரண ரகங்கள்தான். ஹைப்ரிட் என்று சொல்லி விலையை ஏற்றுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அப்படியானால் அவருடைய விதை எப்படி முளைத்தது? கோட்டிங் விதையில் பெரும்பாலும் பிரைமிங் செய்திருப்பார்கள். அதாவது முளைப்பைப் பாதி தொடங்கிவைத்து, மறுபடி உலர்த்தியிருப்பார்கள். அது சூட்டையும் இருட்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஆயுள் குறைவு, வாங்கிய பருவத்திலேயே விதைத்தாக வேண்டும். உங்கள் விதையோ உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வருடம் நிற்கும். கோட்டிங் என்றாலே பிரைமிங் என்றும் நினைத்துவிடாதீர்கள். வெறும் களிமண் பூச்சு மட்டும் உள்ளதும் உண்டு, அதுவும் உங்கள் விதையைப் போலவே சூட்டில் உறங்கும். பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

பெரிய பையைப் பிரித்து ஜிப் கவரில் போட்டு விற்கும் விதையைத் தொடாதீர்கள். முளைப்புத்திறன், பரிசோதனைத் தேதி இரண்டும் லேபிளில் இருக்க வேண்டும். விற்பவர் ரசீது தர வேண்டும் என்று 1983-இலேயே விதைக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. இன்னமும் ரசீது கேட்டால் முறைக்கிறார்கள். ஒருமுறை புகாரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். 'லெட்டூஸா, அது என்ன பயிர்?' என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் மேல் இந்த மலையில் எதுவும் விளைவதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை.

சரி, மறுபடி விதையுங்கள். குழித்தட்டில் ஈரமான நாற்றுக் கலவையின் மேல் விதையைத் தூவி, விரலால் லேசாக அழுத்தினால் போதும், மூட வேண்டாம். தட்டைக் கூடாரத்துக்கு வெளியே நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். நம் மலை மண் புளிப்பு மண், நடும் பாத்தியில் முன்கூட்டியே டோலமைட் (சுண்ணாம்பு வகைக் கல்தூள்) போடுங்கள். அடுத்த முறைக்கு விதையை நீங்களே எடுக்கலாம்: முதலில் பூத்தண்டு விடும் செடியைப் பிடுங்கிவிடுங்கள். கடைசியாகப் பூக்கும் இரண்டு மூன்று செடியை விதைக்கு விட்டு, வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் மழைக்கு முன் காகிதப் பையில் உதிர்த்துக்கொண்டால் அடுத்த வருடம் அந்தக் கடைக்குப் போக வேண்டியதில்லை.