நுண்ணோக்கி இல்லாமல் மண்ணின் நுண்ணுயிரிகளைக் காட்ட முடியுமா?

கேள்வி: எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி இல்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளை மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

பதில்: தாராளமாகக் காட்டலாம், வினோகிராட்ஸ்கி தூண் செய்யுங்கள், அதாவது சேற்றின் நுண்ணுயிரிகள் நிற நிறமாக அடுக்கடுக்காக வளரும் பாட்டில். ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880-களில் உருவாக்கிய முறை. வகுப்பறைக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. குளத்துச் சேற்றோடு, கார்பனுக்காகக் கிழித்த செய்தித்தாளையும் கந்தகத்துக்காகக் கொஞ்சம் முட்டை மஞ்சள் கருவையும் பிசைந்து, உயரமான பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பி, மேலே குளத்துத் தண்ணீர் விட்டு, தளர்வாக மூடி, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். அப்புறம் பொறுமைதான். சில வாரங்களில் அடியில் கருப்பு படரும். அது இரும்பு சல்பைடு, ஆக்சிஜனே இல்லாமல் சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்தைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களின் கைவேலை. அதற்கு மேலே பச்சையும் ஊதாவுமாகக் கந்தக பாக்டீரியாக்கள், காற்றுப்படும் உச்சியில் சயனோபாக்டீரியா, அதாவது செடிகளைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதேபோல இன்னொரு பாட்டிலை இருட்டில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள், கேள்விகள் தானாக வரும், அந்தக் கேள்விகள்தான் பாடமே.

அகார் தட்டில் (நுண்ணுயிரிகள் வளர ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டு) வளர்ப்பதென்றால் தட்டை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், பிறகு யாரையும் திறக்க விடாதீர்கள். உள்ளே என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது.