கோடு போடும் நாள் வேறு, வெட்டும் நாள் வேறு

கேள்வி: "கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்). நானே பால் வெட்டுகிறேன். மீதி நேரம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். மரத்தடியில் நிற்கும்போது தேர்வு நினைப்பு, புத்தகத்தைத் திறந்தால் மரத்து நினைப்பு. 'இன்றைக்கு வாழு' என்று ஒரு கூட்டம், 'குறிக்கோளை விடாதே' என்று ஒரு கூட்டம். இரண்டும் சேர்ந்து நடக்குமா?"

பதில்:

நடக்கும். அதற்கான வழியைக் கத்தியோடு கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள்.

ஒரு ரப்பர் மரத்தில் முதல் வெட்டு விழுவதற்கு முன் எத்தனை முடிவு எடுக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 செ.மீ. வந்திருக்க வேண்டும். விளையில் நூற்றுக்கு எழுபது மரமாவது அந்தப் பருமனுக்கு வந்த பிறகுதான் வெட்டத் தொடங்குவது முறை. அதற்குள் நட்டு ஏழு வருஷம் போல ஆகியிருக்கும். பிறகு சரிவு காட்டும் தகட்டை வைத்து, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி 30 பாகைச் சரிவில் கோடு வரைகிறோம். பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு என்பதும் அப்போதே முடிவாகிவிடும்.

இதெல்லாம் பகல் வெளிச்சத்தில், டேப்பும் தகடும் வைத்து, நிதானமாகச் செய்கிற வேலை. விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்தடியில் நிற்கிறவருக்கு எதையும் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முந்தைய வெட்டை ஒட்டி ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே மரத்தைத் தொட ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது கத்தியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் தொந்தரவு, கோடு போடுகிற வேலையை வெட்டுகிற நேரத்தில் செய்வது. "இந்த வருஷம் கிடைக்குமா, கல்ஃபுக்குப் போயிருக்கலாமோ, பாறசாலைக்காரன் கேரள பி.எஸ்.சி.யில் ஏறிவிட்டானே" என்பதெல்லாம் கோடு போடும் நாளுக்குரிய கேள்விகள். அவற்றுக்குப் பதில் கண்டுபிடிக்க நாலரை மணி இருட்டில் முடியாது.

ஆகவே முதல் வேலையாகக் காலண்டரில் நாலு நாளைக் குறியுங்கள். தேர்வாணையம் ஆண்டுத் திட்டத்தை வெளியிட்ட பிறகு வரும் ஞாயிறு ஒன்று. இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற நாள் ஒன்று. ஜூனில் மழை பிடிக்கும் நாள் ஒன்று. நமக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிற ஓணம் ஒன்று. அந்த நாட்களில் மட்டும் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பது. ஒரே தாளில் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: எந்தத் தேர்வு, அடுத்த கோடு போடும் நாள் வரைக்கும் எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி, அதுவரை வீட்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து, எப்போது நிறுத்துவேன். நடுவில் மற்ற நாட்களில் ஏதாவது யோசனை குறுக்கிட்டால் சட்டைப்பை நோட்டில் ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். யோசனையை விரட்ட வேண்டாம், அதற்கு உரிய நாளுக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கேள்வியை வருஷத்தில் முந்நூறு தடவை கேட்டு ஒரு தடவையும் முடிவெடுக்காமல் இருப்பீர்கள்.

அடுத்தது வேகம். பலர் கவிழ்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெட்டிய மரம் இழந்த பாலை மறுபடி ஊறவைக்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு என்பது அதற்காகத்தான். நம் பக்கம் பரவலாக இருக்கும் 105 என்ற ரப்பர் ரகத்துக்கு மூன்று நாளுக்கு ஒரு வெட்டுதான் நல்லது என்பார்கள், ஏனென்றால் அது நிறையக் கறக்கும், அதே வேகத்தில் பட்டையும் மரத்துப்போகும். தினமும் வெட்டினால் முதலில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள்: பால் குறைவதில்லை, கூடுகிறது. சிரட்டை நிரம்பி வழிகிறது, வெகுநேரம் சொட்டுகிறது, ஆனால் பால் நீர்த்துப்போய்த் தண்ணீராக இருக்கும். அதை உறையவைத்து எடுக்கும் ரப்பர் ஷீட்டின் எடை ஏறாது. அதற்கப்புறம் ஒருநாள் வெட்டின் ஒரு பகுதியில் பால் வராது. பிறகு மொத்தமாக நின்றுவிடும்; பட்டை மரத்துப்போவது என்பது இதுதான்.

படிப்பில் மரத்துப்போவதும் இதே வரிசையில்தான் வரும். முதல் இரண்டு வாரம் பத்து மணிநேரம் படிக்க முடிகிறது, நோட்டு நிறைகிறது, பெருமையாக இருக்கிறது. ஆனால் முந்தாநாள் படித்ததை மூடிவைத்துச் சொல்லச் சொன்னால் பாதிகூட வராது. மணிக்கணக்கு ஏறி, நினைவில் நிற்பது இறங்குகிறதென்றால் அது மரத்துப்போவதன் முதல் அடையாளம். சோர்வு பின்னால்தான் தெரியும். அதனால் மணிக்கணக்கை எழுதிவைக்காதீர்கள். முந்தாநாள் பாடத்திலிருந்து இருபது கேள்வி போட்டுப் பார்த்து அந்த மதிப்பெண்ணை எழுதிவையுங்கள். மூன்று முறை தொடர்ந்து பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் நேரத்தைக் கூட்டாமல் குறையுங்கள்.

ஒரு ஏக்கரில் நூற்றெண்பது இருநூறு மரம் இருக்கும். நாலரைக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடியும். பால் வடிந்து நிற்க எட்டரை ஆகும். சேர்த்து, வடிகட்டி, தண்ணீர் விட்டு டிஷ்ஷில் (தட்டில்) உறைக்கு வைக்கும்போது பத்தரை. இப்படிப்பட்ட நாளில் புதுப்பாடம் வைக்காதீர்கள். மதியம் ஒரு தூக்கம் போட்டபின் இரண்டரை மணிநேரம், ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்க்க மட்டும். வெட்டில்லாத நாளில் காலை மூன்று மணிநேரம், மாலை மூன்று மணிநேரம், அதில் புதுப்பாடம். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் வாரத்துக்கு முப்பது மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் முப்பதைத் தாண்டும். குரூப் 4க்கு இது போதும்.

இதில் இரண்டு ஓட்டை விழும். ஒன்று, வெட்டில்லாத நாளைப் பக்கத்து விளையில் கூலிக்கு விற்றுவிடுவது. பணம் அவசரம் என்றால் வேறு வழியில்லை, ஆனால் அதைக் கோடு போடும் நாளில் முடிவு செய்யுங்கள். "இன்றைக்கு மட்டும்" என்று தொடங்கினால் ஓய்வு நாளே இல்லாமல் போகும். மற்றொன்று, வெட்டும்போது காதில் இயர்போன் மாட்டி நடப்பு நிகழ்வுகள் கேட்பது. நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழி என்று இதைப் பலர் சொல்வார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் கை பாதி சொல்லும், பட்டை கீறும் சத்தம் பாதி சொல்லும். கவனம் தவறி மரத்தைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்து, மறுபடி வளர்ந்த பட்டையில் வெட்ட வரும்போது அங்கே முண்டும் முடிச்சுமாக நிற்கும். பாம்பு, பன்றி நடமாட்டம் உள்ள மலையோரத்தில் காதை அடைத்துக்கொள்வது வேறொரு முட்டாள்தனம். இவ்வளவுக்கும் பிறகு கேட்ட பாடம் மனதில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை.

ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவிலுள்ள இரண்டு மணிநேரம்தான் இந்தத் தொழில் தரும் பெரிய சலுகை. மரம் வேலை செய்கிறது, உங்களுக்கு வேலை இல்லை. அதில் புத்தகம் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரு சாயா, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் இருந்தால் அது, அப்பாவோடு நாலு வார்த்தை. 'இன்றைக்கு வாழு' என்பவர்கள் சொல்வது இதைத்தான், இதற்குத் தனியாக வகுப்பு ஒன்றும் வேண்டியதில்லை. இந்த நேரத்தையும் படிப்புக்குக் கொடுத்தவர்கள் மதியத் தூக்கத்தை மூன்று மணிநேரமாக நீட்டி அதை இழந்துவிடுவதே வழக்கம்.

தேர்வுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணிநேரம். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எல்லையோரத்தில் மலையாள வழியில் படித்தவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும் இலக்கணப் பகுதி காலை வாரும். அவர்கள் முதல் மூன்று மாதத்தைத் தமிழுக்கே கொடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை பாடநூலை வரிசையாக முடிக்கட்டும். விடைத்தாளில் வட்டம் நிரப்ப 15 நிமிஷம் கழித்தால் ஒரு கேள்விக்கு 50 விநாடிதான். திறனறிவு தெரியாமல் அங்கே நின்றுவிட்டால் தமிழில் தெரிந்த கேள்விக்கு நேரமிருக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள், வெட்டில்லாத நாளில்.

பருவத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ரெயின் கார்டு (வெட்டின் மேல் மழை படாமல் மரத்தில் கட்டும் மறைப்பு) போடாத விளையில் ஜூன் ஜூலையிலும் ஐப்பசி அடைமழையிலும் பல வெட்டு போகும். அந்தக் காலைகளில் "பால் போச்சே" என்று திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதற்குப் பதிலாக, அன்றைக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவைத்த பழைய வினாத்தாளை எடுங்கள். முன்கூட்டி ஒதுக்காவிட்டால் மழைக்காலை போனில் போய்விடும். தை மாசியில் இலை உதிர்ந்து புது இலை முற்றும் வரை வெட்டை நிறுத்தும் ஒரு மாதம், ஒன்றரை மாதம், பெரிய படிப்புக் காலம். ஆனால் கையில் காசிராது. டிசம்பருக்குள் நன்றாகப் புகை காட்டிய ஷீட்டை அந்த மாதச் செலவு அளவுக்கு எடுத்துவையுங்கள். ஒரு டிஷ்ஷுக்கு 4 லிட்டர் நீர்த்த பால், அரைக்கிலோ ஷீட் என்று கணக்குப் போட்டால் எத்தனை ஷீட் என்பது வந்துவிடும். ஈரம் முழுக்கப் போகாததை அடுக்கினால் பூசணம் பிடித்துத் தரம் இறங்கும்.

ஷீட் கையில் இருந்தால் ஒரு நோய் தொற்றும்: தினமும் காலையில் கோட்டயம் சந்தையின் ரப்பர் விலை பார்ப்பது. கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று டெலிகிராமில் தேடுவதும் இதே நோய்தான். இரண்டிலும் நீங்கள் பார்ப்பதால் எண் மாறாது. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை ஷீட் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் விலை பார்க்கவேண்டிய நாளும் அது ஒன்றுதான். கிலோவுக்கு ரெண்டு மூன்று ரூபாய் சில மாதம் கைவிட்டுப் போகும், போகட்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்குப் பட்டைக் கணக்கே உதவும். வருஷத்துக்கு 140 வெட்டு, வெட்டுக்கு ஒன்றரை மி.மீ. என்றால் 21 செ.மீ. பட்டை போகும், 125 செ.மீ. உயரம் ஆறு வருஷத்துக்கு ஓடும். இரண்டு மி.மீ. சீவினால் நாலரை வருஷம். பால் அதற்கேற்றபடி கூடுவதுமில்லை. உங்கள் வயதுக்கும் இப்படி ஓர் அளவு இருக்கிறது. இரண்டு தேர்வு அறிவிப்பு வரை எழுதுவேன், அதற்குமேல் ஒன்று கூடுதல் என்றால் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவின் முந்தைய கட்-ஆஃபுக்குப் பத்துப் பதினைந்து மதிப்பெண் பக்கத்தில் வந்திருக்க வேண்டும் என்று இப்போதே எழுதுங்கள். தோற்ற மறுநாள் இந்த எல்லையை வரைந்தால் ஒன்று ரொம்பக் கடுமையாக இருக்கும், இல்லை எல்லையே இருக்காது.

கடைசி ஒரு மாதம் வந்ததும் தினம் பதினாலு மணிநேரம் படிக்கத் தோன்றும். கடும்வெட்டு என்பது முறிக்கப்போகிற மரத்துக்குச் செய்வது. மேலும் கீழுமாக எல்லாப் பட்டையையும் சீவி, இருப்பதை எல்லாம் கறந்துவிட்டு விற்பார்கள். தேர்வு முடிந்த மறுநாள் உங்களை யாரும் முறிக்கப் போவதில்லை. வழக்கமான நேரத்தோடு ஒரு மணிநேரம் கூட்டுங்கள், புதுப்பாடத்தை நிறுத்துங்கள், தூக்கத்தைத் தொடாதீர்கள்.

தேர்வு நாள் வெட்டு நாளில் விழுந்தால் வெட்டை விட்டுவிடுங்கள். அப்பாவும் வேண்டாம், ஆளும் வைக்க வேண்டாம். ஒரு வெட்டு தள்ளிப்போனால் மரத்துக்கு நஷ்டமில்லை, அடுத்த வெட்டில் கொஞ்சம் கூடவே வரும். முந்தின நாளே கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு நாகர்கோவில் பஸ்ஸைப் பிடியுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் காலை நாலரைக்கு அது வேண்டியிருக்கும்.