மூன்றாவது எண்ணில் பாரம்

வணக்கம். திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடம் பரதம் ஆடியவள். இப்போது நானும் கணவரும் வாரம் ஒருநாள் திருச்சி போய் வால்ட்ஸ் பழகுகிறோம், மூன்று தட்டுக் கணக்கில் ஜோடியாக ஆடும் மேற்கத்திய நடனம். மூன்று மாதமாகியும் பாக்ஸ் ஸ்டெப்பில், அதாவது ஆறு அடியில் தரையில் ஒரு பெட்டி போடும் அடிப்படை நடையில், அவர் என் வலது காலை மிதித்துவிடுகிறார். எனக்குத் தாளம் தப்பவில்லை. தவறு யாருடையது?
எம்., திருவாரூர்

அன்புள்ள எம்.,

மிதிப்பது அவர்தான், ஆனால் தவறு பெரும்பாலும் உங்கள் பக்கம். வலது கால் என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ‘ஒன்று’ என்றதும் அவர் இடது காலை முன்னே வைப்பார். உங்கள் வலது கால் அதே நேரத்தில் பின்னே போக வேண்டும். அது போகாததற்குக் காரணம் அதற்கு முந்தைய ஆறாவது அடி. அங்கே இடது காலை வலதோடு சேர்க்கிறீர்கள். சேர்த்தால் மட்டும் போதாது, பாரம் முழுக்க அந்த இடது காலுக்கு மாறியாக வேண்டும். பரதம் பழகிய உடம்பு தட்டி முடித்ததும் பாரத்தை இரண்டு காலுக்கும் பொதுவாக்கிக்கொள்ளும். முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டிக்கு அது அழகு. இங்கே அப்படி நின்றால் வலது கால் தரையோடு மாட்டிக்கொள்ளும், அவர் ஷூ அதன்மேல் வந்து விழும்.

கூடத்துத் தூண் பக்கத்தில் தனியாக ஆடிப் பாருங்கள். மூன்றிலும் ஆறிலும் அப்படியே நின்று, அடுத்து நகர வேண்டிய காலைத் தூக்குங்கள். இடுப்பைச் சாய்த்த பிறகுதான் தூக்க வருகிறதென்றால் பாரம் மாறவில்லை. இதை மட்டும் தினம் பத்து நிமிடம்.

‘தகிட’ என்ற மூன்றெழுத்துச் சொற்கட்டு கைவந்தவருக்கு எண்ணிக்கை பிரச்சினையில்லை, வேகம்தான். போட்டியில் வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (மூன்று தட்டு சேர்ந்தது ஒரு பார்), அதாவது 84 முதல் 90 தட்டு. நீங்கள் தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். அது சலித்தால் உங்கள் ஊர் முத்துசுவாமி தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம்’ இருக்கிறது. பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு, மும்மூன்றாகவே நடக்கும்.

இன்னொரு பரதப் பழக்கம், தலை ஒரே மட்டத்தில் போவது. வால்ட்ஸில் ஏற்ற இறக்கம் வேண்டும். ஒன்றின் முடிவில் எழும்பத் தொடங்கி, இரண்டில் ஏறி, மூன்றில் முன்பாதத்தில் நின்று, அது முடியும்போது குதிகால் இறங்கி முழங்கால் தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் அடுத்த அடிக்கு நீளம் கொடுக்கும். பின்னே வைக்கும்போது விரல்நுனி முதலில். முன்னே என்றால் குதிகால்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. இருவர் மூக்கும் நேருக்கு நேர் இருந்தால் முழங்கால் முட்டும். நீங்கள் அவருக்குச் சற்று வலப்பக்கம் நின்று, இருவருமே அடுத்தவரின் வலது தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும். அவர் குனிந்து காலைப் பார்ப்பவராக இருந்தால், அந்தத் தலையே உங்களைப் பின்னே தள்ளும்.

வீட்டில் மொசைக் தரையா? வெறும் சாக்ஸ் வழுக்கும். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொண்டு, திரும்பும்போது முழங்காலை முறுக்கும். ஸ்வேட் தோல் அடி வைத்த ஷூ வாங்கும் வரை திருப்பம் வேண்டாம், நேர் பாக்ஸ் மட்டும் ஆடுங்கள்.