ஹெட்செட்டில் மயங்கிய மகளுக்கு எந்தப் பட்டம்?

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கும் மகள், கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகில் மனிதனின் கை எப்படி அசைகிறது என்று படிக்கப் போகிறாளாம், இது விளையாட்டுப் புத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் அந்தப் பெயரில் பட்டம் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

விஷயம் பழையதுதான். 1954இல் போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறித் தட்டச் சொல்லி ஆட்களின் வேகத்தை அளந்தார். தகடுகள் தூரமானாலும் ஒடுங்கினாலும் கை தாமதிக்கும். தூரத்தை இரட்டிப்பாக்குவதும் அகலத்தைப் பாதியாக்குவதும் ஏறக்குறைய ஒரே அளவு நேரத்தைக் கூட்டும். இரண்டையும் ஒன்றாக இரட்டிப்பாக்கினால் நேரம் அநேகமாக மாறாது! கை முதலில் விரைந்து போகிறது, கிட்டப் போனதும் நிதானித்துத் திருத்திக்கொள்கிறது. இலக்கு சிறிதானால் இந்தத் திருத்தம்தான் நீளும்.

ஹெட்செட் மாட்டினால் இன்னும் சிக்கல். பொருள் கிட்ட வரவர இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, ஆனால் திரை ஒரே இடத்தில் இருப்பதால் பார்வை குவிய வேண்டிய தூரம் மாறுவதேயில்லை. அதனால் ஆழத்தைக் கணிப்பது பிசகும். தொட்டாலும் விரலில் எதுவும் படாது. பாரிசவாதம் வந்தவருக்கு இதில் கைப்பயிற்சி கொடுப்பவர், இலக்கின் அளவையும் தூரத்தையும் நோயாளிக்கேற்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மிகக் கடினமென்றால் நோயாளி மனம் விட்டுவிடுவார், மிக லேசென்றால் அது பயிற்சியே இல்லை.

சரி, வழி என்ன? உயிரியல் பிரிவுக்கு நேரான வழி இயன்மருத்துவம், அதாவது ஃபிசியோதெரபி. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் இருக்கிறது. வெட்டுப்புள்ளி மருத்துவத்தைவிடக் குறைவு, ஆனால் லேசில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் உண்டு, கருவி செய்யும் ஆசை உள்ளவருக்கு அருமையான படிப்பு. ஆனால் இணைந்த கணிதம் எடுக்காதவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. மகளுக்கு இனி அதை நினைத்து நித்திரை கெடத் தேவையில்லை. விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலிலும் இயன்மருத்துவத்தை அடுத்தும் போடட்டும். மருத்துவபீடம் கிடைத்தாலும் புனர்வாழ்வு மருத்துவம் வழியாக இந்தப் பக்கம் வரலாம்.

அதற்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம், ஹெட்செட்டை எடுத்து வைத்துவிட்டு, தாளில் இரண்டு பெட்டி கீறி, பென்சிலால் மாறி மாறித் தட்டச் சொல்லுங்கள். அகலத்தையும் தூரத்தையும் மாற்றி, போன் கடிகாரத்தில் நேரம் பிடித்து, கொப்பியில் எழுதட்டும். உங்கள் கையையும் அப்பாவின் கையையும் சோதிக்கக் கேட்டு, ஏன் இந்த எண் மட்டும் விலகுகிறது என்று அவள் துருவினால், ஆசை படிப்பில்தான். நாலு வரி எழுதுவதற்குள் அலுத்தால் ஆசை ஹெட்செட்டோடு நிற்கிறது. அதிலும் பிழையில்லை, மென்பொருள் பக்கம் பார்க்கலாம்.

அப்புறம், வீ.ஆர்., அதாவது மெய்நிகர், என்று பலகை போட்ட தனியார் குறுங்கால வகுப்புகளுக்குப் பரீட்சை முடியும்வரை காசு கட்டாதீர்கள். இப்போது அவளுக்கு வேண்டியது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி.