நாள்பட்ட முதுகுவலிக்குக் கெட்டியான மெத்தைதான் நல்லதா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 62 கிலோ. நான்கு ஆண்டுகளாகக் கீழ்முதுகில் வலி இருக்கிறது. வயதுக்கேற்ற தேய்மானம் தவிர வேறு கோளாறு எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை என்றார்கள். கடினமான படுக்கையே நல்லது என்று பலரும் சொன்னதால், ஆறு மாதங்களுக்கு முன் ‘ஆர்த்தோ’ என்று பெயர் போட்ட மிகக் கெட்டியான மெத்தை ஒன்றை வாங்கினோம். இப்போது காலையில் எழும்போது வலி முன்பைவிடக் கூடியிருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் எனக்கு. தோளும் இடுப்பின் பக்கவாட்டும்கூட வலிக்கின்றன. என் கணவரின் எடை 94 கிலோ; அவருக்கு இந்த மெத்தை மிகவும் பிடித்திருக்கிறது. மெமரி ஃபோம், லேடெக்ஸ், ஸ்பிரிங் ஆகியவற்றுள் நான் எதற்கு மாற வேண்டும்?

பதில்: எந்தப் பொருளால் ஆன மெத்தை என்பது உங்கள் விஷயத்தில் இரண்டாவது கேள்வி. தோளும் இடுப்பின் பக்கவாட்டும் வலிக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, விடையின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. 62 கிலோ எடையுள்ள ஒருவர் மிகக் கெட்டியான பரப்பில் ஒருக்களித்துப் படுத்தால், உடலின் அகன்ற பகுதிகளான தோளும் இடுப்பும் மெத்தைக்குள் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு இடையில் உள்ள ஒடுங்கிய பகுதியோ எந்தத் தாங்கலும் இல்லாமல் தொங்குகிறது. முதுகெலும்பு இரவு முழுவதும் பக்கவாட்டில் வளைந்தே கிடக்கிறது. அதே மெத்தையில் 94 கிலோ எடையுள்ள உங்கள் கணவர் படுக்கும்போது, அவருடைய எடைக்கு அது போதிய அளவு அமுங்கிக் கொடுக்கிறது. அவர் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை; ஒரே மெத்தை இருவருக்கும் இரண்டு மெத்தைகளாக இருக்கிறது.

முதுகுவலி உள்ளவர்கள் கடினமான படுக்கையில் படுக்க வேண்டும் என்று மருத்துவர்களும் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். தொட்டில்போல் குழிந்த கட்டிலோடும், கட்டிகட்டியாக இறுகிப்போன பழைய பஞ்சு மெத்தையோடும் ஒப்பிட்டால் வெறும் பலகையே மேலானதுதான். அந்த அளவில் அது தவறான அறிவுரை அல்ல. ஆனால் குழிவு கெடுதல் என்பதிலிருந்து, கெட்டித்தன்மை கூடக்கூட நன்மையும் கூடும் என்ற முடிவுக்குத் தாவியதுதான் பிழை.

இதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. உங்களைப் போலவே குறிப்பிட்ட காரணம் புலப்படாத நாள்பட்ட கீழ்முதுகு வலியோடு, படுக்கையிலும் எழும்போதும் வலிக்கிறது என்று சொன்ன 313 பேர் அதில் பங்கேற்றார்கள். 1 என்பது மிகக் கெட்டி, 10 என்பது மிக மென்மை என்று கொள்ளும் ஐரோப்பிய அளவுகோலில் 2.3 அளவுள்ள கெட்டி மெத்தை ஒரு பிரிவினருக்கும், 5.6 அளவுள்ள நடுத்தர மெத்தை மற்றொரு பிரிவினருக்கும் தரப்பட்டது; யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, அவர்களை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 90 நாள்களுக்குப் பிறகு பார்த்தபோது, படுக்கையில் இருக்கும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலைகளில் உள்ள சிரமம் ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களின் நிலையே மேலாக இருந்தது. இந்த ஆய்வை வைத்துக்கொண்டு மிக மென்மையான மெத்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, ஏனெனில் அது ஒப்பீட்டிலேயே இல்லை. 2008-இல் வெளியான ஒரு டேனிஷ் ஆய்வு, தண்ணீர்ப் படுக்கை, உடல் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கும் ஃபோம் மெத்தை, கெட்டியான மெத்தை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது; முதல் இரண்டும் சற்று மேலாக இருந்தன என்றாலும் வேறுபாடு சிறியதே. மெத்தையிடமிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இந்தச் சிறிய வேறுபாடு ஒரு நல்ல அளவுகோல். பொருந்தாத மெத்தை வலியைக் கூட்டும். பொருத்தமான மெத்தை அந்தக் கூடுதல் வலியை நீக்கும். நான்கு ஆண்டு வலியைக் குணப்படுத்துவது அதன் வேலை அல்ல. அதற்குப் பகல் நேர நடமாட்டமும் பயிற்சியும்தான் வேண்டும்.

ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மல்லாந்து படுத்து, கீழ்முதுகுக்கும் மெத்தைக்கும் இடையில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு மிகக் கெட்டி. கையை நுழைக்கவே முடியாவிட்டால் மிக மென்மை. சற்றே நெருக்கி நுழைந்தால் சரி. அடுத்தது உங்களுக்கு இன்னும் பொருத்தமான சோதனை. கழுத்தின் அடியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் முடிச்சுகள்மேல் ஐந்தாறு சிறிய ஸ்டிக்கர்களை ஒட்டச் சொல்லி, வழக்கம்போல் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து கணவர் கைபேசியில் ஒரு படம் எடுக்கட்டும். ஸ்டிக்கர்கள் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். நடுப்பகுதி கீழ்நோக்கித் தொங்கினால் தோளும் இடுப்பும் போதிய அளவு அமுங்கவில்லை என்று பொருள். இடுப்பு மட்டும் ஆழமாக இறங்கியிருந்தால் மெத்தை குழிந்துவிட்டது என்று பொருள். விலை உயர்ந்த கருவிகள் சொல்வதில் பாதியையாவது இந்த ஒரு படம் சொல்லிவிடும் என்பது என் கருத்து.

நடுப்பகுதி தொங்குகிறது என்றே படமும் காட்டுமானால், நான் உங்களுக்குச் சொல்வது மெத்தையை மாற்றாதீர்கள் என்பதுதான். கட்டிலில் உங்கள் பாதியில் மட்டும் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள டாப்பர் ஒன்றை, அதாவது மெத்தைக்கு மேல் விரிக்கும் மெல்லிய அடுக்கை, போட்டுப் பாருங்கள். அடியில் உள்ள கெட்டியான மெத்தை தாங்கும். மேலே உள்ள அடுக்கு தோளுக்கும் இடுப்புக்கும் இடம் கொடுக்கும். நடுத்தர மெத்தை செய்யும் வேலையும் இதுவே. படுக்கையின் நடுவில் சிறிய படி ஒன்று விழும், அழகாக இருக்காது. ஆனால் உங்கள் கணவரின் தூக்கம் கெடாது, செலவும் மெத்தையின் விலையில் ஒரு பகுதியாகவே இருக்கும். மூன்று அல்லது நான்கு வாரங்கள் கழித்துத்தான் இதை மதிப்பிட வேண்டும். முதல் வாரத்து உணர்வை, நல்லதானாலும் கெட்டதானாலும், நம்ப வேண்டாம். உடல் பழைய பரப்புக்கே பழகியிருக்கும். டாப்பர் ஓரளவுக்குக் கெட்டியைத்தான் குறைக்கும், குழிவை ஒருபோதும் நிரப்பாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குழிந்த மெத்தையின்மேல் டாப்பர் போட்டால் டாப்பரும் குழிக்குள்ளேயே இறங்கும்.

டாப்பரானாலும் மெத்தையானாலும், பொருள் பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது வரலாம். மெமரி ஃபோம் 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. உடலின் சூட்டில் இளகி, அழுத்தம் அதிகமுள்ள இடங்களில் இறங்கிக் கொடுக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால், தோள் வலிக்கும் ஒருவருக்கு அது இதமாகவே இருக்கும். ஆனால் அமுங்கிய இடம் மெதுவாகத்தான் எழும்பும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இரவில் புரண்டு படுக்கும் நேரமே பெரும்பாலும் வேதனையான நேரம். மெமரி ஃபோமில் ஏற்பட்ட பள்ளத்திலிருந்து ஏறிப் புரள வேண்டியிருப்பது சிலருக்குக் கூடுதல் சிரமம். அது வெப்பத்தையும் தேக்கும், குளிர்ந்த அறையில் கெட்டியாகவும் ஆகும். லேடெக்ஸ் அப்படியல்ல, அமுங்கிய உடனே எழும்பும், புரள்வது எளிது, காற்றும் ஓரளவு போய்வரும். கனம் மிகுதி, விலையும் பொதுவாக மிகுதி. புரளும்போது வலிக்கிறது என்றால் லேடெக்ஸையும், அசையாமல் கிடக்கும்போது தோளும் இடுப்பும் வலிக்கின்றன என்றால் மெமரி ஃபோமையும் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

ஸ்பிரிங் மெத்தைகளில் எல்லாச் சுருள்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை ஒரு வகை. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் மற்றொரு வகை. எடை வேறுபாடு மிகுந்த இருவர் ஒன்றாகப் படுக்கும்போது முதல் வகையில் கனமானவரின் பக்கமாக மற்றவர் சரிவார். இரண்டாம் வகையில் அந்தச் சரிவு மிகவும் குறைவு. தென்னை நார் மெத்தை தாங்கும், ஆனால் இறங்கிக் கொடுக்காது. மேலே மென்மையான அடுக்கு இல்லாத நார் மெத்தை உங்களுக்கு ஏற்றதல்ல.

கடைகளில் அடிக்கடி குழப்பப்படும் ஒன்று அடர்த்தி. கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறிப்பிடப்படும் அடர்த்தி, ஃபோம் எவ்வளவு காலம் குழியாமல் உழைக்கும் என்பதைத்தான் பெரிதும் சொல்கிறது; அது கெட்டித்தன்மையின் அளவு அல்ல. அடர்த்தி மிகுந்த ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கல்போலவும் இருக்கலாம். மெமரி ஃபோம் வாங்குவதானால் கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாததாகப் பாருங்கள். ‘ஆர்த்தோ’, ‘ஆர்த்தோபெடிக்’ என்ற பெயர்களுக்குப் பின்னால் எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட மருத்துவத் தரம் எதுவும் கிடையாது. ‘மீடியம் ஃபர்ம்’ என்ற சொல்லும் அப்படித்தான்: ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொரு நிறுவனத்தின் கெட்டி. எழுதியிருப்பதைவிட, திருப்பித் தரும் வசதி உண்டா, எத்தனை நாள்களுக்கு, எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குவதே உங்களைக் காக்கும். கடையில் விளிம்பில் உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயன் ஒன்றுமில்லை. காலணியைக் கழற்றி, வீட்டில் படுக்கும் அதே நிலையில் பதினைந்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள், கூச்சமாகத்தான் இருக்கும்.

மெத்தை மாறினால் தலையணையும் மாற வேண்டியிருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருக்களித்துப் படுப்பவரின் தலையணை, தோளின் வெளிவிளிம்புக்கும் கழுத்துக்கும் இடையிலான உயரத்தை நிரப்ப வேண்டும். டாப்பர் போட்ட பிறகு தோள் ஓரிரு சென்டிமீட்டர் கீழே இறங்கும். பழைய தலையணை அப்போது உயரமாகிவிடும், கழுத்து வலி தொடங்கும், பழி டாப்பர்மேல் விழும். முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கால் முன்னால் சரிந்து இடுப்பைத் திருகாமல் அது தடுக்கும். மல்லாந்து படுக்கும் நேரங்களில் அதையே முழங்கால்களுக்கு அடியில் தள்ளிக்கொள்ளலாம். கட்டிலின் அடிப்பகுதியையும் ஒருமுறை பாருங்கள்: குறுக்குச் சட்டங்களுக்கு இடையே ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், எந்த ஃபோம் மெத்தையும் அங்கே தொய்யும்.

காலை வலிக்கு மெத்தை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் பகலில் உடல் எடையால் நீரை இழந்து சுருங்கி, இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன; காலையில் நாம் மாலையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம் உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய வட்டுகளோடு முன்னால் குனியும்போது முதுகின்மேல் விழும் அழுத்தம் மற்ற நேரங்களைவிட மிகுதி. விடிந்தபின் குனிவதைத் தவிர்த்த நாள்பட்ட முதுகுவலியாளர்களுக்கு வலி குறைந்ததை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே எழும்போது நேராக நிமிர்ந்து எழாமல், முதலில் ஒருபக்கமாகப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கைகளை ஊன்றி எழுங்கள். முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்யும் வேலைகளைத் தள்ளிவையுங்கள். டாப்பரைச் சோதிக்கும் அதே வாரங்களில் இதையும் தொடங்கினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும். செலவில்லாத இதை முதலில் இரண்டு வாரம் செய்து பாருங்கள், டாப்பர் பிறகு வரட்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: காலையில் முதுகின் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எழுந்து நடமாடிய பத்து இருபது நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால் மேலே சொன்னவை உங்களுக்குப் பொருந்தும். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஓய்வெடுத்தால் குறையாமல் நடந்தால் மட்டும் குறைந்து, பின்னிரவில் உங்களை எழுப்பியும் விடுகிறது என்றால், அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். 45 வயதுக்கு முன் மெல்லமெல்லத் தொடங்கும் முதுகுவலியில் இதை விசாரிப்பது வழக்கம். உங்களுக்குத் தொடங்கியது 42 வயதில். அப்படியானால் மெத்தைக் கடைக்கு முன்னால் மூட்டுநோய் மருத்துவரிடம் போக வேண்டும். எந்த நிலையில் படுத்தாலும் குறையாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கால் பலவீனமடைதல், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிலும் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.