பேரிடர் நாளில் ரத்தம்: கேள்வி பதில்

ரத்த வங்கியில் இருப்பு வைப்பதும் அனுப்புவதும் என் வேலை. பேரிடர் காலத்து ரத்த விநியோகம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்றே தெரியாது. பிறகு எப்படி ரத்தத்துக்குத் திட்டம் போடுவது?

ஒரே ஒரு எண்ணைக் குறிவைத்துத் திட்டம் போடக் கூடாது. முடிவுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எவ்வளவு இருப்பு, ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் டீசல், எந்தப் பக்கத்து வங்கி கை கொடுக்கும் என்பவை முன்பே முடிவாக வேண்டியவை. எங்கிருந்து எங்கே, எந்த வழியாக அனுப்புவது என்பது நடந்த பிறகு முடிவு செய்வது.

முன்பே எடுக்கும் முடிவுகளைப் பல நிலைமைகளில் வைத்துப் பாருங்கள். பாலம் உடைந்தால்? மின்சாரம் போனால்? ரத்த வங்கிக் கட்டடமே இடிந்தால்? ஒவ்வொன்றிலும் ஓரளவாவது தாங்குகிற திட்டம்தான் வேண்டும். முழு இருப்பையும் ஒரே கட்டடத்தில் வைத்திருப்பவர்கள் மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

நடந்த பிறகு முதல் மதிப்பீட்டுக்கு, அமெரிக்க ரத்த வங்கிகள் சங்கத்தின் பேரிடர் கையேடு ஒரு எளிய கணக்குத் தருகிறது: மருத்துவமனையில் சேர்ந்தவர், சேரப்போகிறவர் ஒருவருக்கு 3 யூனிட் ஓ வகைச் சிவப்பணு. தலைக்கணக்கு மாற மாற இதையும் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

செய்தி கேட்டதும் ரத்தம் கொடுக்க ஓடலாமா?

வங்கி கூப்பிடாமல் போகாதீர்கள். முதல் நாள் உயிர் காப்பது ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருக்கும் ரத்தம். இன்று எடுத்ததை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்த்த பிறகுதான் வெளியே விட முடியும்.

2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரில் நிலநடுக்கம். முதல் நான்கு நாளில் ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் ரத்தம் சேர்ந்தது. விநியோகமானது அதில் கால்பங்குகூட இல்லை. சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) 5 நாள். ஒரே வாரத்தில் எடுத்ததெல்லாம் பின்னால் ஒரே சமயத்தில் காலாவதியாகும். கொடுத்தவர்களோ அடுத்த சில மாதம் மறுபடி கொடுக்க முடியாது.

தன்னார்வலர் ஒருவர்: மனமுவந்து வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் மறுபடி வருவாரா? நீங்கள் ஆர்வத்தையே அணைக்கிறீர்கள்.

சும்மா அனுப்பச் சொல்லவில்லை. பெயர், ரத்த வகை, தொலைபேசி எண் வாங்கிக்கொண்டு, ஆறு வாரத்துக்குப் பிரித்துக் கூப்பிட வேண்டும்.

அதே தன்னார்வலர்: எழுதிக்கொண்டுபோன எந்த வங்கியும் திரும்பக் கூப்பிட்டதில்லை. எனக்கே இரண்டு முறை நடந்தது.

நீங்கள் சொல்வது உண்மை, எனக்கும் வலிக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி எழுதிய நோட்டுகள் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. அதனால் இப்போது நான் வற்புறுத்துவது இது: வருகிறவர் வாசலைத் தாண்டும் முன் கையில் தேதி எழுதிய சீட்டு இருக்க வேண்டும். "கூப்பிடுகிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது.

சிறுநீரக மருத்துவர் ஒருவர் இடையில்: இடிபாட்டில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தேவைப்படும். அவர்களுக்கு இரண்டாவது வாரத்திலும் ரத்தம் வேண்டும்.

நன்றி டாக்டர். தன்னார்வலரே, இதற்காகத்தான் அந்தச் சீட்டு. பத்தாவது நாள் தட்டணுத் தேவைக்கு முதல் நாள் வரிசை உதவாது. அன்று தட்டணு வேண்டுமென்றால் அதற்குச் சற்று முன் யாராவது வந்து கொடுத்திருக்க வேண்டும்.

ஓ நெகட்டிவ் சிவப்பணுவை அவசரத்தில் யாருக்கும் ஏற்றலாமே, அதை மட்டும் சேர்த்து வைத்தால் போதாதா?

கிடைக்காது, அரிது. அதைக் குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஒதுக்குங்கள். ஆண்களுக்கு அவசரத்தில் ஓ பாசிட்டிவ் கொடுக்கலாம். ரத்த வகை பார்க்கும் ரீஏஜென்டும் (சோதனை மருந்து) ஆளும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ட்ரோனில் அனுப்பலாமே?

ருவாண்டாவில் 2016 முதல் நடக்கிறது. ஆனால் தளமும் ஆளும் முன்பே இருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு வாங்கிப் பயனில்லை.

நான் ஏ பாசிட்டிவ். வெள்ளம் வந்தால் உடனே கிளம்பட்டுமா?

மேலே சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் போங்கள்.

எங்கள் சங்கம் மறுநாளே முகாம் போட நினைக்கிறது…

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: வங்கியைக் கேட்காமல் வேண்டாம். அமைதியான மாதங்களில் போடுங்கள், அதற்குத்தான் ஆள் குறைவு.

சர்க்கரை நோய் உள்ளவர் கொடுக்கலாமா?

இது வங்கி மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது.

செவிலியர் ஒருவர்: பெட்டியில் ஐஸ் பேக் நிறைய வைத்தால் நல்லதுதானே?

இல்லை, கவனம். ஒருமுறை வந்த பெட்டியைத் திறந்தபோது, ஓரத்தில் இருந்த பை ஐஸ் பேக்கோடு ஒட்டிக் கல்லாக உறைந்திருந்தது. உருகவிட்டுப் பார்த்தால் மேலே நிற்கும் திரவமான பிளாஸ்மா மஞ்சளாக இல்லை, ஒயின் போலச் சிவந்திருந்தது. அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அதை ஏற்றினால் நோயாளிக்கே ஆபத்து. பயணத்தில் சிவப்பணு 2 முதல் 10 டிகிரிக்குள் இருந்தால் சரி. தட்டணுவுக்கு ஐஸே கூடாது, அது 20 முதல் 24 டிகிரியில் இருக்க வேண்டும், தனிப் பெட்டியில்.

அதே செவிலியர்: அப்போ ஐஸ் பேக்குக்கும் பைக்கும் நடுவில் என்ன வைப்பது?

கெட்டியான அட்டை போதும். வெப்பமானியைப் பைகளுக்கு நடுவில் செருகுங்கள், மூடியில் ஒட்டாதீர்கள். மூடும் முன்னும் திறந்ததும் என்ன டிகிரி என்று பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள்.